மின்சார விமானத்தில் கரண்ட் போனால்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் பகலில் சோலர் பூட்டுகிறேன், பின்னேரத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். படித்தது மின்பொறியியல். கடைசி வருடத்தில் செய்த வேலை, ஒரு சுருள் எரிந்தாலும் நிற்காமல் சுழலும் மோட்டார் பற்றியது. அதை ஒரு நாள் வகுப்பில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கூரையில் நின்றாலும் கேள்வி, தேத்தண்ணிக் கடையில் இருந்தாலும் கேள்வி. திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். பின்னால் உள்ள பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி எழுதப்பட்டவை, அதனால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

சேர், கரண்டில ஓடுற பிளேன் உண்மையாவே இருக்கோ, இல்லாட்டி யூடியூப்காரர் விடுற கதையோ?

இருக்கிறது. ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் செய்த வெலிஸ் எலக்ட்ரோ என்ற இரண்டு இருக்கை விமானத்துக்கு 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம் சான்றிதழ் கொடுத்தது. முழுக்க மின்சாரத்தில் ஓடும் விமானத்துக்கு அப்படியொரு வகைச் சான்றிதழ் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதன் மோட்டார் 57.6 கிலோவாட். வீட்டுக் கிணற்றில் இறைக்கும் மோட்டார் ஒரு குதிரைவலு என்றால், இது ஏறக்குறைய 77.

பெரியவையும் பறந்திருக்கின்றன. 2019 டிசம்பர் 10 அன்று கனடாவில் வான்கூவருக்குப் பக்கத்தில், ஹாபர் எயார் நிறுவனத்தின் பழைய பீவர் கடல்விமானம் ஒன்று 750 குதிரைவலு மின்மோட்டாருடன் எழும்பியது. 2022 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவில் அலிஸ் என்ற விமானம் எட்டு நிமிடம் பறந்தது. எட்டு நிமிடம் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த எட்டு நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை வருட வேலை இருக்கிறது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க.

பலாலியில ஏறி மெட்ராசுக்குக் கரண்ட் பிளேன்ல எப்ப போகலாம்?

இப்போதைக்கு இல்லை. ஒரு கிலோ விமான எரிபொருளுக்குள் ஏறக்குறைய 12 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. ஒரு கிலோ நல்ல லித்தியம் கலத்துக்குள் இருப்பது கால் கிலோவாட் மணி, கொஞ்சம் கூட. பெட்டி, குளிரூட்டும் குழாய் எல்லாம் சேர்த்து நிறுத்தால் இன்னும் குறையும். மோட்டார் சக்தியை வீணாக்குவது குறைவு என்பதைக் கணக்கில் எடுத்தாலும், இடைவெளி இருபது மடங்குக்குக் கிட்ட வரும். யுத்தத்தில் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. ஜெட் விமானம் குடிப்பதும் அடிப்படையில் அதே மண்ணெண்ணெய்தான், அது அவ்வளவு லேசில் தோற்காது.

இதை ஏன் இங்கேயே சொல்கிறேன் என்றால், கீழே வருகிற எல்லாவற்றுக்கும் எடைதான் எசமான். பாதுகாப்புக்கென்று ஒரு கம்பியைக் கூட்டினாலும் அந்த எடைக்குப் பற்றரியோ ஆளோ குறையவேண்டும்.

நடு வானத்தில கரண்ட் போனா என்ன செய்வினம்?

இதுதான் ஆகக் கூடுதலாக வந்த கேள்வி. முதலில், "கரண்ட் போவது" என்று ஒரு விசயம் அங்கே இல்லை. பற்றரி, அதை இணைக்கும் பெரிய சுவிட்ச், கம்பி, பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கேற்றபடி மாற்றும் இன்வேட்டர், மோட்டார், இவற்றுக்குக் கட்டளை கொடுக்கும் கணினி என்று ஒரு சங்கிலி இருக்கிறது. எந்தக் கண்ணி அறுந்தது என்பதைப் பொறுத்தே பதில். எல்லாமே நின்றாலும் இறக்கை உள்ள விமானம் கல்லுப்போல விழாது, வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் கிளம்பி இருநூறு அடி உயரத்தில் நின்றுபோனால் வழுக்க இடம் இருக்காது. நேராக மேலெழும்பும் இறக்கையில்லாத வகைகளுக்கு வழுக்குவது என்ற பேச்சே இல்லை.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு போய்த் தொட்டதில் இலங்கை முழுக்க மின்சாரம் நின்றது நினைவிருக்கும். அன்று எனக்கு வந்த போன்களில் பாதி, "வெயில் எறிக்குது, பனல் கூரையில கிடக்கு, ஏன் வீட்டில கரண்ட் இல்லை?" என்பதுதான். காரணம், பற்றரி இல்லாத சாதாரண சோலர் இன்வேட்டர் வெளி மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆட்களைக் காப்பாற்ற அப்படித்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. தரையில் அது நியாயம். விமானத்தில் அதே குணம் கொலை. ஒரு மூலம் போனதும் மற்றதும் "எனக்கேன் வம்பு" என்று விலகினால், திரும்ப உயிர்ப்பிக்க அங்கே வேறு கிரிட் இல்லை. ஒன்று விழும்போது மற்றவை விழாமல் நிற்பது எப்படி என்பதைத்தான் வழுவைத் தாங்கும் வடிவமைப்பு என்கிறோம்.

அப்ப எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வைச்சா சரிதானே அண்ணை?

எடையைப் பார்ப்போம். ஒரு மோட்டார் நின்றபிறகும் முழுத் தள்ளுவிசையும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மோட்டார் வைத்தால் ஒவ்வொன்றும் தனியே முழுச் சுமையையும் தூக்கவேண்டும், ஆக மொத்தம் 200 வீதம். மூன்று வைத்தால் மிஞ்சும் இரண்டும் பங்கிடும், மொத்தம் 150 வீதம். நான்குக்கு 133, எட்டுக்கு 114. அதனால்தான் மின்விமானப் படங்களில் இறக்கை முழுக்க மோட்டார் முளைத்திருக்கிறது. எண்ணெய் இயந்திரத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்தால் எடையும் பராமரிப்பும் ஏறிவிடும். மின்மோட்டாரைப் பிரிப்பதில் அவ்வளவு நட்டம் இல்லை.

எண்ணிக்கை கூடினால் இணைப்பும் கூடும், எங்கோ ஒன்று பழுதாவதும் அடிக்கடி நடக்கும். எட்டு மோட்டார் உள்ள விமானத்தில் ஏதாவது ஒரு மோட்டார் நிற்பது, ஒரு மோட்டார் விமானத்தில் நிற்பதைவிட எட்டு மடங்கு கூடுதலாக நடக்கும். அது பெரிய விசயமாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

ஒண்டு பழுதாக பத்தாயிரத்தில ஒரு சான்ஸ் எண்டா, ரெண்டும் பழுதாகப் பத்துக் கோடியில ஒண்டு. பெருக்கினாச் சரிதானே சேர்?

நிகழ்தகவு படித்த பிள்ளையின் கேள்வி. பெருக்கல் சரி. ஆனால் பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு, இரண்டும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்கவேண்டும். பத்தாயிரம் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரு பாதை பழுதாகிறது என்போம். அந்தப் பழுதுகளில் நூற்றுக்கு ஒன்று மட்டும் இரண்டையும் சேர்த்து அடிக்கும் வகை என்று வையுங்கள். ஒரே தண்ணீர்க் கசிவு, ஒரே சூடு, ஒரே மென்பொருள் பிழை. அப்போது இரண்டும் சேர்ந்து போவது பத்து இலட்சம் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. பத்துக் கோடி என்று நீங்கள் பெருமையாகக் கணக்குப் போட்டது நூறு மடங்கு சுருங்கிவிட்டது. பெரிய விமானங்களில் எல்லோரும் சாகக்கூடிய விளைவு நூறு கோடி மணித்தியாலத்துக்கு ஒரு தடவையைவிட அரிதாக இருக்கவேண்டும் என்பது விதி. அதோடு, எந்த ஒரு தனிப் பழுதும் அந்த விளைவைத் தரவே கூடாது, அது எவ்வளவு அரிதாக இருந்தாலும் சரி.

1989 ஜூலை 19 அன்று யுனைட்டட் நிறுவனத்தின் டிசி-10 விமானம் ஒன்றுக்கு நடந்தது இதற்குக் கொடுமையான உதாரணம். கட்டுப்பாட்டுக்கு மூன்று தனித்தனி எண்ணெய் அமுக்கத் தொகுதிகள் இருந்தன. மூன்றின் குழாய்களும் வாலில் ஒரே இடத்தால் ஓடின. வாலில் இருந்த இயந்திரத்தின் தட்டு உடைந்து சிதறிய துண்டுகளில் மூன்றும் போயின. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். தாளில் மூன்று இருந்தது, விமானத்தில் ஒன்றுதான் இருந்தது.

நம் கண்முன்னாலேயே இருக்கிறது இரணைமடுக் குளம். இடதுகரை, வலதுகரை என்று இரண்டு வாய்க்கால். அதைப் பார்த்து இங்கே ஒரு கமக்காரனும் தனக்கு இரண்டு குளம் இருப்பதாக நினைக்கமாட்டான். "இரணை" என்றால் இரட்டை, ஆனால் தண்ணீர் ஒன்றுதான். என் கதையும் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு மீன் வாடியில் குளிர்ப்பெட்டிக்கு இரண்டு இன்வேட்டர் பூட்டினேன், ஒன்று போனாலும் மற்றது ஓடட்டும் என்று. பெட்டியில் இடம் போதாமல் இரண்டையும் ஒரே சுவிட்ச் வழியாக எடுத்தேன். நான்கு மாதத்தில் அந்தச் சுவிட்சின் ஒரு ஆணி இளகிச் சூடாகி உருகியது. இரண்டு இன்வேட்டரும் நல்லபடியாகச் சுவரில் தொங்கின, மீன் நாறியது. பிழை முழுக்க என்னுடையது. அந்த மீனுக்கு நான் கட்டிய காசு, பல்கலைக்கழகத்தில் படித்ததைவிடக் கூடுதலாக எனக்குப் படிப்பித்தது.

வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன்ல நாலு மோட்டார் இருக்கு. ஒண்டு நிண்டா ஏன் பொத்தெண்டு விழுது?

நான்கும் தூக்குவதற்கு மட்டும் இல்லை, சமநிலைக்கும் வேண்டும். இரண்டு இடம்சுழியாகவும் இரண்டு வலம்சுழியாகவும் சுழன்று ஒன்றையொன்று சமன் செய்கின்றன. ஒன்று நின்றால் ஒரு மூலை தொங்கும், எதிர்மூலை கவிழ்க்கும். ஆறு இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். எட்டு இருந்தால் வசதியாகச் சமாளிக்கலாம்.

அப்புறம் அந்த ஆறையும் எந்தப் பற்றரியோடு எப்படிக் கோர்ப்பது என்பது இன்னொரு கதை. இறக்கையில் இடப்பக்க நுனியிலிருந்து வலப்பக்க நுனிவரை ஆறு மோட்டார், மூன்று பற்றரி என்று வையுங்கள். சோம்பல்பட்டு அருகருகே உள்ளதை இணைத்தால் முதல் பற்றரி போகும்போது இடது நுனியில் இரண்டும் நிற்கும். விமானம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போகும், ஓட்டி சுக்கானை மிதித்தே களைத்துப்போவார். முதலாவதையும் ஆறாவதையும் ஒரு பற்றரிக்கும், இரண்டையும் ஐந்தையும் அடுத்ததற்கும், மூன்றையும் நான்கையும் கடைசிக்கும் கொடுத்தால் எந்தப் பற்றரி போனாலும் இருபக்கமும் சமமாகவே குறையும். கம்பி நீளும், எடை கூடும். ஆனாலும் நான் இதைத்தான் எடுப்பேன்.

நாசாவின் எக்ஸ்-57 இன்னொரு வழியைக் காட்டியது. அதில் இரண்டு தனித்தனி மின்பாதைகள். இறக்கை நுனியில் உள்ள ஒவ்வொரு பெரிய மோட்டாருக்கும் இரண்டு இன்வேட்டர், ஒன்று ஒரு பாதையிலிருந்து, மற்றது மறுபாதையிலிருந்து. ஒரு பாதை முழுதாகச் செத்தாலும் இரண்டு மோட்டாரும் பாதி வலுவில் சுழலும். பன்னிரண்டு சின்ன மோட்டாரும் இரண்டு பெரிய மோட்டாருமாகத் திட்டமிட்ட அந்த விமானம் ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. பெரிய மோட்டாரில் ஆபத்தான ஒரு பழுது வாய்ப்பு தெரியவந்து, 2023 ஜூனில் வேலையை முடிப்பதாக நாசா அறிவித்தது. அதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. ஆள் ஏறுவதற்கு முன் கண்டுபிடித்தார்களே என்பது என் கட்சி.

ரெண்டு பற்றரியையும் ஒண்டோட ஒண்டு தொடுத்து விட்டா, ஒண்டு போனா மற்றது குடுக்கும் தானே?

சோலர் வேலை செய்யும் தம்பி கேட்டது. கேட்க நல்லாக இருக்கிறது, ஆனால் தொடுத்த வழியால் வழுவும் நடந்து போகும். ஒரு பக்கம் குறுஞ்சுற்று, அதாவது இரண்டு கம்பியும் நேரே முட்டி ஷோட்டாவது, ஏற்பட்டால் நல்ல பற்றரி தன் முழுப் பலத்தையும் அந்தப் பழுதுக்குள்ளே கொட்டும். பற்றரியின் உள்தடை மிகக் குறைவு, ஆயிரக்கணக்கான அம்பியர் வரும். அதற்கும் முன்னதாக இன்வேட்டர் வாசலில் மின்னைச் சேமித்துக்கொண்டு நிற்கும் கொள்ளளவிகள் மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்தில் தங்களைக் கொட்டிவிடும். எந்தப் பக்கம் பழுது என்று பாதுகாப்புக் கருவி யோசிப்பதற்குள் இருபக்கமும் வோல்ட்டளவு விழுந்துவிடும்.

வெலிஸ் எலக்ட்ரோவில் மூக்கில் ஒன்றும் இருக்கைக்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு பற்றரி சமாந்தரமாகத்தான் நிற்கின்றன. ஒன்று பழுதானால் அது தானாகக் கழன்றுவிடும். மிஞ்சியது தனியே விமானத்தை ஏற்றவும் பறப்பைத் தொடரவும் போதும். ஒரே மோட்டார் உள்ள சின்ன விமானத்துக்கு அது சரியான தெரிவு. பெரியவற்றில் பாதைகளைப் பிரித்தே வைத்து, நடுவில் ஒரு இணைப்புச் சுவிட்சைத் திறந்தபடி விடும் பழக்கம் உண்டு. பழுதான துண்டு கழற்றப்பட்டது என்று உறுதியான பிறகே அதை மூடலாம். அவசரப்பட்டு மூடினால் மீன் வாடிக் கதைதான்.

பற்றரியில வாறது நேரோட்டமா இருந்தா என்ன, ஒரு பிரேக்கரைப் போட்டா வெட்டும் தானே?

வீட்டுக்கு வரும் ஆடலோட்டம் திசை மாறி மாறி ஓடுவது, செக்கனுக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை பூச்சியத்தைத் தொடும், செக்கனுக்கு நூறு தடவை. பிரேக்கர் திறக்கும்போது வரும் பொறி அந்தப் பூச்சியத்தில் மூச்சுவிட்டு அணைந்துவிடும். நேரோட்டம் ஒரே திசையில் ஓடுவது, அதற்குப் பூச்சியம் கிடையாது. பொறி மின்வில்லாக நீண்டு, தொடுகையையும் பெட்டியையும் உருக்கிக்கொண்டே நிற்கும். கூரை சோலரில் நேரோட்டப் பக்கத்துக்கு ஆடலோட்டப் பிரேக்கரைப் பூட்டிக் கருகிய பெட்டிகளை நான் கழற்றியிருக்கிறேன். விலை வித்தியாசம் சொற்பம், தயவுசெய்து செய்யாதீர்கள்.

விமானத்தில் மூன்று வகை ஆயுதம். ஒன்று, மின்வில்லைக் காந்தத்தால் இழுத்து நீட்டி அணைக்கும் பெரிய சுவிட்ச், அதற்குச் சில மில்லிசெக்கன் ஆகும். இரண்டு, சிலிக்கன் காபைட் போன்ற குறைகடத்தியால் ஆன பிரேக்கர். அசையும் பாகம் இல்லை, மைக்ரோசெக்கனில் வெட்டும், ஆனால் நல்ல நாளிலும் எப்போதும் சூடாகிக்கொண்டே இருக்கும், அந்தச் சூட்டை எடுக்க எடை வேண்டும். மூன்றாவது, சின்ன வெடிமருந்தால் கடத்தியையே துண்டிக்கும் பியூஸ். மிக நம்பிக்கையானது. ஒரு தடவைதான்.

வோல்ட்டைக் குறைச்சு வைச்சா இந்தப் பிரச்சினை வராதே? ஏன் ஆயிரக்கணக்கில ஏத்தினம்?

கம்பியின் எடைதான் காரணம். எயார்பஸ், ரோல்ஸ்-ரொய்ஸ், சீமென்ஸ் சேர்ந்து 2017இல் அறிவித்த ஈ-ஃபான் எக்ஸ் திட்டத்தில் 2 மெகாவாட் மோட்டாருக்கு 3000 வோல்ட் எடுத்தார்கள். ஓட்டம் ஏறக்குறைய 667 அம்பியர். அதையே 540 வோல்ட்டில் அனுப்பினால் 3700 அம்பியர். அவ்வளவுக்கும் செம்பு போட்டால் விமானம் ஓடுபாதையிலேயே நிற்கும். அந்தத் திட்டம் 2020 ஏப்ரலில் பறக்காமலே நிறுத்தப்பட்டது.

மேலே போனால் காற்று மெலியும். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் அமுக்கம் தரையில் உள்ளதில் கால்வாசி. காற்றும் ஒரு காவலிதான், மின்சாரத்தைப் பாயவிடாது. அது மெலிந்தால், தரையில் பாயாத அதே இடைவெளியில் மின்சாரம் பாயத் தொடங்கும். பாஷன் விதியின்படி காற்றில் ஏறக்குறைய 330 வோல்ட்டுக்குக் கீழே அப்படிப் பாயவே முடியாது. அதற்கு மேலே போனால் அமுக்கத்தை இடைவெளியால் பெருக்கினால் வரும் அளவைப் பொறுத்தது. அந்த எல்லைக்குக் கீழே நின்ற பழைய விமானங்களுக்கு இந்தத் தலையிடி பெரிதாக இல்லை. இப்போது காவலிக்குள் இருக்கும் ஊசிமுனைக் காற்றுக்குமிழிகூட உள்ளே மெல்ல மெல்லப் பொரிந்து, மாதக்கணக்கில் காவலியைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது.

வீட்டில இருக்கிற மாதிரி ட்ரிப் சுவிட்ச் அங்கயும் இருக்கோ?

வீட்டில் 30 மில்லி அம்பியர் நிலத்துக்குக் கசிந்தால் ட்ரிப் சுவிட்ச் விழும். அது ஆளைக் காப்பாற்றுவதற்கு. மழைக்காலத்தில் காரணமில்லாமல் விழுகிறது என்று திட்டுவோம், ஆனாலும் இருட்டில் ஒரு இரவு இருந்தால் யாரும் சாகமாட்டார்கள். விமானம் கிளம்பும் நேரம் அப்படி விழுந்தால்?

அதனால் அங்கே மின்பாதையை விமான உடலோடு நேரே இணைப்பதில்லை, அல்லது பெரிய தடை வழியாக இணைப்பார்கள். ஒரு இடத்தில் காவலி கிழிந்து கம்பி உடலைத் தொட்டாலும் பெரிய ஓட்டம் பாய வழியில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கருவி காவலியின் தடையை ஓயாமல் அளந்து, "முதல் வழு வந்துவிட்டது, இறங்கியதும் பார்" என்று சொல்லும். சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் இதே முறை உண்டு, பாதியில் விளக்கு நிற்கக் கூடாது அல்லவா. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் வழுவைத் திருத்தாமல் விட்டு, மறு கம்பியிலும் இரண்டாவது வந்தால் அது முழுக் குறுஞ்சுற்று. எச்சரிக்கை விளக்கைப் பார்த்து "ஓடுதுதானே" என்று விடுகிற பராமரிப்பாளர் இருந்தால் முழுத் திட்டமும் வீண்.

பற்றரி தீப்பிடிச்சா இந்த வெட்டுறது, பிரிக்கிறது எல்லாம் என்னத்துக்கு உதவும்?

உதவாது. நேர்மையான பதில் அதுதான். கலத்துக்குள்ளேயே குறுஞ்சுற்று ஏற்பட்டால் வெளியே எதைக் கழற்றினாலும் அது தன் சக்தியால் தானே எரியும். 2013 ஜனவரியில் பாஸ்டனில் தரையில் நின்ற ஒரு போயிங் 787இல் பற்றரி எரிந்தது. பத்து நாளுக்குள் ஜப்பானில் இன்னொரு 787 அவசரமாக இறங்கியது. உலகம் முழுக்க அந்த வகையை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். பாஸ்டன் விசாரணையில் ஒரு கலத்தில் தொடங்கிய சூடு பக்கத்துக் கலங்களுக்குப் பரவியது தெரிந்தது. பற்றரியில் இருந்தவை எட்டே எட்டுக் கலங்கள்.

திருத்தத்தைக் கவனியுங்கள். கலங்களுக்கிடையே தடுப்பு, சுற்றிலும் உருக்குப் பெட்டி, புகை விமானத்துக்கு வெளியே போக ஒரு குழாய். தீ வரவே வராது என்று அவர்கள் வாதாடவில்லை. வந்தால் ஒரு கலத்தோடு நிற்கவேண்டும், நிற்காவிட்டால் பெட்டியோடு நிற்கவேண்டும் என்று கட்டினார்கள். எக்ஸ்-57இன் பற்றரியும் 2016இல் இந்தச் சோதனையில் தோற்றுத்தான் புதிதாக வடிவமைக்கப்பட்டது. பறக்கும் பற்றரியில் பாதுகாப்புச் சாமான் எவ்வளவு எடை எடுக்கிறது என்று பார்த்தால், இரண்டாவது கேள்வியில் சொன்ன கால் கிலோவாட் மணி எங்கே கரைகிறது என்று விளங்கும்.

பழுதான மோட்டாரை ஓஃப் பண்ணிட்டா பிறகு என்ன பயம்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, நான் ஒரு வருடம் மாரடித்த விசயம். எடை குறைவு என்பதால் விமான மோட்டார்களில் பெரும்பாலும் நிரந்தரக் காந்தம். காந்தத்துக்கு சுவிட்ச் இல்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் விமானம் போகும் வேகத்தில் காற்று புரொப்பெல்லரைச் சுழற்றும், காந்தமும் சுழலும், மோட்டார் ஜெனரேற்றராக மாறிவிடும். சுருளில் இரண்டு சுற்றுக்கிடையே காவலி போயிருந்தால், அந்தக் குட்டி வளையத்துக்குள் மிகப் பெரிய ஓட்டம் ஓடும். நீங்கள் "ஓஃப்" செய்த மோட்டார் உங்கள் கண்முன்னால் எரியும்.

வழிகள் பல, எல்லாவற்றுக்கும் விலை உண்டு. புரொப்பெல்லர் இதழ்களைக் காற்றுக்கு நேராகத் திருப்பிச் சுழற்சியை நிறுத்தலாம், அதற்கு இன்னொரு பொறிமுறை வேண்டும். மோட்டாரின் தூண்டலை, அதாவது ஓட்டம் மாறுவதை எதிர்க்கும் குணத்தை, கூட்டி வடிவமைத்து, எல்லாச் சுருள்களையும் வேண்டுமென்றே குறுஞ்சுற்றாக்கினாலும் வழக்கமான ஓட்டத்தைத் தாண்டாதபடி செய்யலாம். அப்போது பழுதான வளையத்தின் ஓட்டமும் அடங்கும், ஆனால் மோட்டார் கொஞ்சம் பருக்கும். ஒவ்வொரு சுருளையும் மோட்டார் இரும்பின் தனிப் பல்லில் சுற்றி, ஒன்றின் சூடும் காந்தப்புலமும் மற்றதைத் தொடாமல் வைக்கலாம். ஒரே மோட்டாருக்குள் மூன்று கட்டச் சுற்றுகள் இரண்டு தொகுதியோ நான்கு தொகுதியோ வைப்பதும் இந்த எண்ணத்தில்தான். காந்தமே இல்லாத மோட்டாரும் செய்யலாம், பயம் போகும், எடை வரும். எல்லோருக்கும் பொதுவான விடை இதில் இல்லை.

கம்ப்யூட்டர் பிழையா விளங்கி நல்ல பக்கத்தை வெட்டினா?

மனிதரே அதைச் செய்திருக்கிறார்கள். 2015 பெப்ரவரி 4 அன்று தாய்பேயில் டிரான்ஸ் ஏசியா விமானம் கிளம்பியதும் ஒரு இயந்திரம் வலுவிழந்தது. ஓட்டி குறைத்து நிறுத்தியது மற்றதை, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை. 43 பேர் இறந்தார்கள்.

மைக்ரோசெக்கனில் வெட்டவேண்டிய குறுஞ்சுற்றை மனிதரிடம் விட முடியாது. அந்த வெட்டைப் பக்கத்தில் உள்ள கருவியே தன் அளவீட்டை மட்டும் பார்த்துச் செய்யவேண்டும், நடுக் கணினியைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. ஒரு பாதையை முழுதாகக் கைவிடுவது போன்ற மெதுவான முடிவுகளுக்கு ஒரு உணரியை நம்பக் கூடாது, மூன்று வைத்து இரண்டு சொல்வதை எடுப்பார்கள். அந்த மூன்றும் ஒரே வகையாக இருந்தால் ஐந்தாவது கேள்வியில் சொன்ன நூற்றுக்கு ஒன்று திரும்ப வரும். எயார்பஸ் ஏ320இல் கட்டுப்பாட்டுக் கணினிகளை இரண்டு வகையாக, வேறு வேறு சில்லுகளும் மென்பொருளும் வைத்துச் செய்தது அதனால்தான். கடைசியாக, கட்டளை வராமல் போனால் மோட்டார் என்ன செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். "நில்" என்பது தரையில் பாதுகாப்பான பதில். பறக்கும்போது "கடைசியாகச் சொன்னதைத் தொடர்" என்பதே பலநேரம் பாதுகாப்பு.

இதில எதையாவது நாங்கள் வீட்டில செய்து பாக்கேலுமோ?

ஏலும். பற்றரியைக் குறுஞ்சுற்றாக்கிப் பார்க்காதீர்கள், அது விளையாட்டு இல்லை. உடைந்த ட்ரோனிலிருந்து ஒரு மோட்டாரை எடுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள், பற்றரி தேவையே இல்லை. அதிலிருந்து மூன்று வயர் வரும். மூன்றையும் ஒன்றையொன்று தொடாமல் பிடித்துக்கொண்டு மோட்டாரை விரலால் சுண்டுங்கள், லேசாக ஓடும். இப்போது மூன்றின் நுனியையும் சேர்த்து முறுக்கிவிட்டு அதே மாதிரிச் சுண்டுங்கள். தேனுக்குள் சுழற்றுவது போல இறுகும்.

எந்தக் கரண்டும் கொடுக்கவில்லை. விரலில் படுகிற அந்த இறுக்கம்தான் இரண்டு கேள்விக்கு முன் சொன்ன காந்தத்தின் வேலை. இரண்டு வயரை மட்டும் முறுக்கிப் பாருங்கள், ஒரே சீராக இறுகாமல் விட்டு விட்டு இடிக்கும். அதை உணர்ந்த பிள்ளை அடுத்த வகுப்பில் கேட்டது: "சேர், வயர் மூண்டும் உள்ளுக்குள்ளயே முட்டி நிண்டா, வெளியால நிண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" சுண்டிப் பார்த்துத்தான், என்றேன். விமானத்தில் சுண்டுவதற்குப் பதிலாகச் சுருள்களின் ஓட்டத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சமனில்லாமல் துடிக்கிறதா என்று பார்க்கிறார்கள்.